பூசணி வடகத்துக்கு ராஜா காவல்

வேலங்காடு என்ற சின்ன நாட்டை வில்லவராயர் ஆண்டுவந்தார். நாடுதான் சின்னது, ராஜாவின் நாக்கு பெரியது. மழைக்காலத்தில் தட்டில் பொரித்த வடகம் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் அரண்மனைக் கொல்லையில் விளைகிற பூசணிக்காய் அத்தனையையும் ஐப்பசி மழைக்குள் வடகமாக்கிவிட வேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு.

அந்த வருஷமும் மடைப்பள்ளிப் பேச்சியம்மாள் பூசணியைச் சீவி, உளுந்தும் மிளகாயும் அரைத்துக் கலந்து, கொல்லையில் பாய் பாயாக வடகம் இட்டாள். முதல் நாள் அணிலும் மைனாவும் ஓரத்தில் கொஞ்சம் கொறித்துவிட்டுப் போயின. உடனே தளவாய் திருமேனி நாலு வீரர்களைக் காவல் நிறுத்தினார். ஒரு பாய் காலியானது. பத்து பேரை நிறுத்தினார். மூன்று பாய் காலியானது. வேலும் வாளுமாக ஒரு படையே வந்து நின்ற அன்று பாதிக் கொல்லை காலி!

விஷயம் சபைக்கு வந்தது.

“அணிலாவது மைனாவாவது மகாராஜா! இத்தனை காவலையும் மீறி எடுப்பது உள்ளே இருக்கிற கைதான். இந்தப் பேச்சியம்மாள்தான் திருடி” என்றார் தளவாய்.

பேச்சியம்மாள் அழுதாள். “எம் பிள்ளைங்க மேல சத்தியம் மகாராஜா. ஒரு வடகம் வாயில வைக்கல. உப்புகூட மோந்துதான் பாத்தேன்.”

“நாளை மாலைக்குள் திருடன் அகப்படாவிட்டால் பிள்ளைகளோடு நாட்டைவிட்டே போய்விடு” என்றார் ராஜா.

சபையில் வாய்க்குப் பேர்போன மருதப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காவலுக்குப் போன வீரர்கள் யாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதில்லை, மாலையில் மடி கனக்க வீட்டுக்குப் போகிறார்கள் என்பதை அவன் கவனித்திருந்தான். ஆனால் தளவாயின் ஆட்களைத் தளவாய் முன்னாலேயே கைகாட்டினால் யார் நம்புவார்கள்?

“மகாராஜா, படைக்கே பயப்படாத திருடன் இவன். தாங்களே காவலிருந்தால்தான் நடுங்குவான். வீரர்கள் வேண்டாம். பேச்சியும் என் வீட்டில் இருக்கட்டும்” என்றான்.

ராஜா மீசையை முறுக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை கொல்லையில் பந்தல் போட்டு, ராஜா ஆசனத்தில் அமர்ந்தார். பக்கத்தில் மருதப்பன். எதிரே வெயிலில் அரைக்காய்ச்சல் வடகம். அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. பொரித்தால்கூட அந்த ருசி வராது.

“காய்ந்துவிட்டதா பார்ப்போம்” என்று ராஜா ஒன்றை எடுத்தார். “அந்த ஓரத்தில் வெயில் சரியாக விழவில்லையே” என்று இன்னொன்றை எடுத்தார். பிறகு உப்பைப் பார்த்தார். உறைப்பைப் பார்த்தார். அப்புறம் எதையும் பார்க்கவில்லை, கை தானாகப் போய்வந்தது. மருதப்பன் மிகுந்த மரியாதையோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

நடுவில் ஓர் அணில் வந்து ஒரே ஒரு வடகத்தைக் கவ்விக்கொண்டு தென்னையில் ஏறியது.

“பார்த்தாயா திருட்டுப் பயலை!” என்று கத்தினார் ராஜா, வாய் நிறைய வடகத்தோடு.

மாலையில் தளவாய் துள்ளிக்கொண்டு வந்தார். “பாருங்கள் மகாராஜா! இன்றும் இரண்டு பாய் காலி! தின்றவன் நாக்கை அறுக்க உத்தரவிடுங்கள்!”

ராஜா மீசையில் ஒட்டியிருந்த மிளகாய் விதையைத் தட்டிவிட்டார். “அவசரப்படாதீர் தளவாயே. அந்த நாக்கு எனக்கு இன்னும் தேவைப்படுகிறது.”

தளவாய் விழித்தார். ராஜாவுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

“தனியாக உட்கார்ந்த எனக்கே இரண்டு பாய் என்றால், உம்முடைய படைக்கு எத்தனை?”

ராஜா பேச்சியம்மாளை அழைத்து, தன் தவறைச் சொல்லிப் பட்டுச்சேலை கொடுத்தார். மருதப்பனுக்குத் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

“சரி மருதப்பா, படையை அனுப்பிவிட்டோம். மிச்ச வடகத்துக்கு யாரைக் காவல் வைப்பது?”

“அணிலையே வைத்துவிடலாம் மகாராஜா. அதற்கு வயிறு மட்டும்தான் உண்டு. வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக மடி கிடையாது!”