உலக்கை இடித்த ஊர்

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இருந்தான். நல்லவன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவனை இங்கேயே விட்டுவிடுவோம். கல்லேரி என்ற ஊரில் நடந்தது எதுவும் அவன் காதுக்குப் போனதில்லை. எதையும் கேட்காமல் நல்லவனாக இருப்பது அரசர்களுக்கு எளிது.

கல்லேரிக்கு ஒரே ஏரி. குடிக்க அதுதான், குளிக்க அதுதான், வயலுக்கும் அதுதான். கரைக்கு அப்பால் கோரை அறுப்பவர்கள் குடிசை போட்டிருந்தார்கள். அவர்கள் பின்னிய பாயில்தான் ஊர் பிறந்தது, ஊர் உறங்கியது, ஊர் செத்தது. ஆனால் அவர்கள் தெருவுக்குள் வந்தால், கழுத்தில் தொங்கும் மரமணியை ஆட்டிக்கொண்டே வர வேண்டும்.

மணி கேட்டதும் வீடுகள் கதவைச் சாத்திக்கொள்ளும். அவர்கள் குரல் காதில் விழுந்தாலும் தீட்டு என்று, பெண்கள் உலக்கையை எடுத்து வெற்று உரலில் இடிப்பார்கள். தொம், தொம், தொம். மணி தெருவைக் கடக்கும்வரை இடி ஓயாது.

பாயை வாங்கிக்கொள்ளலாம், குரலை வாங்கிக்கொள்ளக் கூடாது. ஊரின் நியாயம் அது.

ஊர்த்தலைவரின் மகள் உமையாளுக்குப் பதினோரு வயது. அவளுக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது.

"ஏம்மா கதவைச் சாத்துறே?" என்று தாயைக் கேட்டாள்.

"அவுங்க பார்வை பட்டா காய்ச்சல் வரும்டி."

தந்தையைக் கேட்டாள்.

"சாத்தணும்னா சாத்தணும். உங்க தாத்தா சாத்தலையா? அவரென்ன முட்டாளா?"

கோயில் பூசாரியைக் கேட்டாள்.

"இப்படிக் கேக்குற பொண்ணுக்கு நாக்குல புண்ணு வரும்."

அன்று முழுக்க அவள் நாக்கை நீட்டி நீட்டித் தொட்டுப் பார்த்தாள். புண் வரவில்லை.

அடுத்த முறை மணி கேட்டபோது கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். தெருவில் தன் உயரமே இருந்த ஒரு பெண். தலையில் பாய்க்கட்டு. ஒற்றைக் காலில் நின்று மறுகாலால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். உமையாள் திடுக்கிட்டு விலகி, நெற்றியில் கையை வைத்தபடி காய்ச்சலுக்குக் காத்திருந்தாள். காய்ச்சல் வரவில்லை. அது பொய் என்று தெரிந்த பிறகும் பயம் மட்டும் போகவில்லை. சோற்றோடு பிசைந்து ஊட்டிய பயம் அவ்வளவு சீக்கிரம் செரிக்காது.

அதற்கடுத்த முறை கதவைக் கையகலம் திறந்தாள்.

"உன் பேரென்ன?"

அந்தப் பெண் நடுங்கிவிட்டாள். "கதவைச் சாத்துங்க தாயி! யாராச்சும் பார்த்தா எங்கப்பாவைக் கட்டிவச்சு அடிப்பாங்க."

"பேரைச் சொல்லு, சாத்துறேன்."

"குருவம்மா. சாத்துங்க!"

உமையாள் சாத்தினாள். சாத்திய கதவுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றாள். தன் பயம் காய்ச்சலைப் பற்றியது. குருவம்மாவின் பயம் கம்பைப் பற்றியது. காய்ச்சல் ஒருநாளும் வரவில்லை. கம்பு மட்டும் நிஜம்.

ஐப்பசி வந்தது. ஏரி முட்டி நின்றது. ஒரு நடுப்பகலில், கொட்டும் மழையில், மரமணி ஓட்டமாய் ஓடி வந்தது. ஊர் கதவைச் சாத்தியது. தொம், தொம், தொம். மணி வெறிகொண்டு அடித்தது. உலக்கைகளும் வெறிகொண்டு இடித்தன.

உமையாள் இடுக்கில் பார்த்தாள். குருவம்மாவின் தலையில் பாய் இல்லை. இடுப்புவரை சேறு. வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

உமையாள் தாழை நீக்கி வெளியே போனாள்.

அந்தத் தெருவில் இருந்திருந்தால் நாமும் தாழை நீக்கியிருப்போமா? கேட்கிறவர்களே, அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

"கரை அரிக்குது தாயி!" என்று கத்தினாள் குருவம்மா. "மடைக்கிட்ட ஆள் நுழையுற ஓட்டை. எங்காளுங்க பாயாப் போட்டு அடைக்கிறாங்க, கை பத்தலை. ஊரே வரணும்!"

உமையாள் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். "மணி போகட்டும், திறக்கிறேன்" என்றது உள்ளிருந்து ஒரு குரல். இரண்டாம் வீட்டில் இடிச்சத்தம்தான் பதில். மூன்றாவது பூசாரி வீடு. "உள்ளே போடி, நனையாதே" என்றார், கதவைத் திறக்காமலே.

உமையாள் மழையில் நின்றாள். இந்த ஊர் எதற்கு வெளியே வரும்? தண்ணீருக்கு வராது. சாவுக்கும் வராது. இது எதற்கு வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊர் அவளுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.

குருவம்மாவின் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, தொடாதீங்க!"

"பேசாம வா."

தன் வீட்டு வாசற்படி தாண்டி, கூடம் தாண்டி, அத்தை உலக்கை பிடித்து நின்ற அடுப்படிவரை அவளை இழுத்துக்கொண்டு போனாள். அத்தையின் உலக்கை அந்தரத்தில் நின்றது.

"தீட்டு! தீட்டு! அடுப்படிக்கே வந்துட்டாளே பாவி!"

மணியால் முடியாததை அந்த ஒரு கூச்சல் செய்தது. இடிச்சத்தம் அடங்கியது. கதவுகள் படபடவென்று திறந்தன. வெள்ளம் கேட்காத காதுகளுக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது. ஆண்கள் கம்போடு வந்தார்கள். கம்பு கிடைக்காதவர்கள் கல்லோடு வந்தார்கள்.

"கரைக்கு ஓடு!" என்றாள் உமையாள்.

இரண்டு பேரும் கொல்லைவழியாக ஓடினார்கள். ஊரே துரத்தியது. ஒரு கல் குருவம்மாவின் புருவத்தைக் கிழித்தது. அவள் நிற்கவில்லை.

ஏரிக்கரை ஏறியதும் ஓங்கிய கம்புகள் ஓங்கியபடியே நின்றன. செந்நிறத் தண்ணீர் கரையைக் குடைந்துகொண்டிருந்தது. கோரை அறுப்பவர்கள் மார்பளவு நீரில் நின்று, பாய்களை முதுகால் முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடிக்கக் கொண்டுவந்த கம்புகளை முளையாக அடித்தார்கள். எறியக் கொண்டுவந்த கற்களைப் பாய்க்குப் பின்னால் கொட்டினார்கள். தோளோடு தோள் உரசியது. உடைப்பு அடைபடும்வரை ஒருவர் வாயிலும் தீட்டு என்ற சொல் வரவில்லை.

அடைபட்ட மறுநாள் காலை வந்தது.

ஊர் கூடியது. கோரை அறுப்பவர்களுக்கு ஊர் நன்றி சொல்ல வேண்டாமா? ஒரு கூடை நெல்லும், மரமணிக்குப் பதிலாகப் பளபளவென்று ஒரு வெண்கல மணியும் கொடுத்தார்கள். ஆமாம், மணி!

குருவம்மாவின் தகப்பன் சாத்தன் அதைப் பார்த்தான். மகளின் புருவத்தில் இருந்த காயக்கட்டைப் பார்த்தான். "நெல்லு எங்க கூலி, எடுத்துக்கிறோம். மணி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி, மகளை அழைத்துக்கொண்டு தெரு நடுவே நடந்து போனான். தடுக்க ஒருவருக்கும் தைரியமில்லை. கரை இன்னும் காயவில்லை அல்லவா?

அந்தக் கோபத்தையும் சேர்த்து உமையாள்மீது காட்டினார்கள்.

"ஏரியில மூணு முழுக்குப் போட்டுட்டு வா. இல்லேன்னா என் வாசப்படி மிதிக்காதே" என்றார் தந்தை.

"மூணே மூணு முழுக்குடி, என் கண்ணுல்ல" என்று அழுதாள் தாய்.

 வீடு இல்லாமல் உமையாள் எங்கே போவாள்? ஆனாலும் கேட்டாள்.

"எந்தத் தண்ணியிலப்பா?"

"ஏரித் தண்ணியிலதான்."

"அதுல அவுங்க பாய் கிடக்கு. அவுங்க கால் மண்ணு கிடக்கு. குருவம்மா ரத்தம் கிடக்கு. காலையில எல்லாரும் அதைத்தானே குடிச்சீங்க? அது தீட்டைக் கழுவும்னா அதுல ஏது தீட்டு? அது தீட்டுன்னா, உங்களை எல்லாம் எதுல கழுவுறது?"



உடனே திருந்தினார்கள் என்று நினைத்தீர்களா? மறுநாளே புதுக்கிணறு வெட்டத் தொடங்கினார்கள்! கீழ்த்தெருவில் தோண்டினார்கள், பாறை. கோயிலடியில் தோண்டினார்கள், பாறை. தலைவர் வீட்டுக் கொல்லையில் தோண்டினார்கள், அங்கேயும் பாறை. கடப்பாரைகள் மழுங்கின. நாக்குகள் வறண்டன. கடைசியில் பூசாரிதான் முதலில் ஏரிக்கரையில் குனிந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார். பின்னால் ஊர்த்தலைவர் குடித்தார். பின்னால் ஊரே குடித்தது.

அதற்குப் பிறகு முழுக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதுவரை வெளித்திண்ணையில் படுத்துக்கிடந்த உமையாள் காய்ந்த தலையோடு வாசற்படி ஏறினாள். தாய் சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. உமையாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. பசித்தது, சாப்பிட்டாள். ஆனால் அன்று முதல், தானே தொட்டுப் பார்க்காத எந்தப் பயத்தையும் அவள் அந்த வீட்டில் யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளவில்லை.

பிள்ளைகளின் கேள்வியை அடைக்கிறவர்கள், தங்களைக் காக்க வரும் குரலுக்கும் சேர்த்தே காதை அடைக்கிறார்கள்.