அரை இடம்

பாடகர் பரிமளரங்கனுக்கு அன்று வயலின் வாசித்தவர் அமிர்தவல்லி. அவரிடம் பாடம் கற்கும் கதிரேசன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். மாணவருக்கு வயது நாற்பத்தேழு, குருவுக்கு நாற்பத்திரண்டு. இருபது வருஷம் மெல்லிசைக் குழுக்களில் வாசித்துவிட்டு, கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்க வந்தவர் கதிரேசன்.

ஸ்வரம் பாடி முடிக்கும்போது பரிமளரங்கன் சறுக்கினார். பாட்டின் வரியைத் தாளத்தில் எடுக்க வேண்டிய இடத்துக்கு அரை எண்ணிக்கை முன்னாலேயே எடுத்துவிட்டார். கச்சேரிக்காரர்கள் இதை அரை இடம் என்பார்கள். தாளம் போட்டுக்கொண்டிருந்த அவர் கையும் குரலோடு சேர்ந்து தாவியது. அமிர்தவல்லி தான் வாசித்ததைப் பாதியில் வெட்டிவிட்டு அவரோடு போய்ச் சேர்ந்துகொண்டார். அந்த வெட்டு எல்லோருக்கும் கேட்டது.

பாடகர் திரும்பி வயலினைப் பார்த்தார். ஒரு சின்னச் சிரிப்பு, ஒரு தலையாட்டல். சபைக்கு அது போதும். முன்வரிசையில் ஒருவர் வயலினைப் பார்த்து ‘ச்சு’ கொட்டினார். தப்பு எல்லோருக்கும் வரும். அதை இன்னொருத்தர் தலையில் கட்டிவிட்டுச் சிரிக்க எப்படித்தான் மனசு வருகிறதோ, எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை கதிரேசன் பாடத்துக்கு வந்தார். வயலின் பெட்டியைத் திறக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை காரைக்குடிக்கு நான் போகலை, டீச்சர்.”

அது அவருடைய முதல் கர்நாடகக் கச்சேரி. ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த மேடை. பாடப்போவதும் அதே பரிமளரங்கன்தான்.

“ஏன்?”

“ஏனா? அவரு தப்பை நீங்க சுமந்தீங்க. அந்த ஆளு உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாரு!”

“பார்த்தேன்.”

“உங்களுக்குக் கோபமே வரலையா?”

“வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கலை. கச்சேரி முடிஞ்சதும் நேராப் போய்க் கேட்டேன். ‘மனசுல வச்சுக்காதம்மா, மேடையில இதெல்லாம் சகஜம்’னாரு. சொல்லிட்டு காபியை ஆத்திக் குடிச்சாரு.”

கதிரேசனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

“நீங்க அவரோட போயிருக்கவே கூடாது. சரியான இடத்துலயே எடுத்திருக்கணும். ஊர் பார்க்க அந்த ஆளு மூக்கு உடைஞ்சிருக்கும். நானா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன்.”

“செய்வீங்களா?”

“சத்தியமா.”

அமிர்தவல்லி வயலினை எடுத்தார். வில்லை முறுக்கிக்கொண்டார்.

“தாளம் போடுங்க.”

“இப்பவா? எனக்கு இருக்கிற கோபத்துல...”

“அந்தக் கோபத்தோடயே போடுங்க.”

நேற்றைய பாட்டையே வாசித்தார். கதிரேசன் தொடையில் அடித்த அடி பரிமளரங்கனுக்கு விழ வேண்டியது. நாலைந்து சுற்று ஸ்வரம் போனது. அமிர்தவல்லி வேகத்தைக் கூட்டினார், முடித்தார், வரியை அரை இடம் முன்னாலேயே எடுத்தார்.

கதிரேசனின் கை ஒரு கணம் அந்தரத்தில் தயங்கியது. பிறகு தாவி, அவர் எடுத்த இடத்தில் வந்து விழுந்தது. இன்னும் இரண்டு சுற்று அவரோடேயே போனது.

அமிர்தவல்லி நிறுத்தினார்.

“எங்க எடுத்தேன்?”

“அரை இடம் முன்னால.”

“தெரிஞ்சுதா?”

“தெரியாம என்ன, டீச்சர்? நல்லாத் தெரிஞ்சுது.”

“அப்புறம் கை ஏன் என்கூட வந்துச்சு? சரியான இடத்துலயே நின்னிருந்தா என் மூக்கு உடைஞ்சிருக்குமே.”

கதிரேசன் தன் கையைப் பார்த்தார்.

“நீங்க என் குரு. அவரு எனக்கு யாரு?”

“கை தாவுறப்போ அதை யோசிச்சீங்களா?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவருக்குப் பொய் வராது.

“இல்லை. பாட்டு விழப்போகுதேன்னு... கை போயிடுச்சு.”

சொன்ன மறுநிமிஷமே அவருக்குத் திரும்பவும் ஆத்திரம் பொங்கியது.

“அதுக்காக? அந்த ஆளைச் சும்மா விட்டுடறதா?”

“யாரு விட்டா?” முதல் முறையாக அமிர்தவல்லியின் குரல் உயர்ந்தது. “ஞாயித்துக்கிழமை அந்தக் கையைக் கூட்டிக்கிட்டுப் போங்க. கோபத்தை இங்க என்கிட்ட வச்சுட்டுப் போங்க, கதிரேசன். அந்தாள்கிட்ட நான் இன்னும் பேசி முடிக்கலை.”