ஒரு கல்யாணம் கொள்ளும் டப்பா

கடவுள் பூந்தாழை ஊருக்கு மூளை பங்கு வைத்த அன்று, கலைவிழி ஸ்டுடியோக்காரர்கள் வெளியூருக்கு வீடியோ எடுக்கப் போயிருந்தார்களாம். முதலாளி பூவராகன், அவர் மச்சினன் குஞ்சிதபாதம், விளக்குப் பிடிக்கும் நாகமுத்து. மூவரும் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். வினையே அதில்தான்.

அகோரமூர்த்தி மகள் கல்யாண வீடியோ அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் சாயங்கால ரயிலில் சென்னைக்குக் கிளம்புவதற்குள் கொடுத்தாக வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கம்ப்யூட்டர் 'இடம் இல்லை' என்றது.

பீரோ, நாற்காலி, மணமக்களை உட்கார வைக்கும் சோபா, எல்லாவற்றையும் தெருவில் இறக்கினார்கள். அறை காலியாகிக் கிரிக்கெட் ஆடலாம் போல் இருந்தது. கம்ப்யூட்டர் அப்போதும் 'இடம் இல்லை' என்றது.

"பேராசை பிடிச்ச மிஷின் அண்ணே" என்றான் நாகமுத்து.

மெக்கானிக் செபஸ்தியானுக்குப் போன் போட்டார்கள். அவர் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். இரைச்சலில் கத்தினார்: "வெளியில மாட்டுற ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்கி மாட்டுங்கண்ணே!"

கம்ப்யூட்டர் கடைக்காரர் கேட்டார்: "எவ்வளவு கொள்ளணும்?"

"ஒரு கல்யாணம்" என்றார் பூவராகன். "பந்தல், நாதஸ்வரம் எல்லாம் சேர்த்து."

"சாப்பிடாம கோவிச்சுக்கிட்டுப் போனவங்களையும் சேர்த்தா?"

மூவரும் தனியே போய் ஆலோசித்தார்கள். "சேர்த்துத்தான். அவங்களையும் எடுத்திருக்கோம்."

"வேகமா ஓடுறதா தரட்டுமா?"

"வேண்டாங்க" என்றான் குஞ்சிதபாதம் பதறிப்போய். "நாங்க மூணு பேருமே ஓட முடியாத ஆளுங்க. இருக்கிற இடத்துலேயே இருக்கிறதா குடுங்க."

கடைக்காரர் உள்ளங்கையளவு டப்பா ஒன்றைக் கொடுத்தார். இத்தனூண்டு டப்பாவில் ஒரு கல்யாணமா என்று மூவருக்கும் சந்தேகம்தான். ஆனால் சிரிக்காமல் சொல்கிறவரை நம்பாமல் எப்படி?

செபஸ்தியான் வெளியில் மாட்டச் சொன்னாரல்லவா? பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்கள். வயர் எட்டவில்லை. கம்ப்யூட்டரைத் தெருவுக்குத் தூக்கி வந்து மேசையில் வைத்தார்கள். எட்டியது. ஆனால் குஞ்சிதபாதத்தின் நெற்றி சுருங்கியது.

"மாமா, கம்ப்யூட்டரும் இப்ப தெருவுல இருக்கு. ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா இது எப்படி வெளி ஆகும்?"

பூவராகன் வெகுநேரம் யோசித்தார். "சரிதான் மாப்ள. தெருவுல இருக்கிற கம்ப்யூட்டருக்கு, வீட்டுக்குள்ளதான் வெளி."

டிஸ்க்கைக் கழற்றி அறைக்குள் ஜன்னலோரம் மாட்டி, ஜன்னல் கம்பி வழியே வயரைத் தெருவுக்கு விட்டார்கள். வேலை செய்தது! இப்படி நடந்தால் முட்டாள்கள் எப்படித் திருந்துவார்கள்?

அடுத்து, டிஸ்க்குக்கு என்ன பெயர் என்று திரையில் கேட்டது. போனில் கேட்டதற்குச் செபஸ்தியான், "நல்ல பேரா ஒண்ணு வச்சிடுங்கண்ணே" என்றார்.

தாம்பாளத்தில் அரிசி பரப்பினார்கள். டிஸ்க்குக்குப் பொட்டு வைத்தார்கள்.

"ஆணா பொண்ணா அண்ணே?" என்றான் நாகமுத்து.

"ஊர்க் கதையை எல்லாம் உள்ள வாங்கிக்கிட்டு ஒரு வார்த்தை வெளியில விடாது. உங்க அக்காவா அப்படி?" என்றார் பூவராகன் மச்சினனிடம். ஆண் என்று முடிவாயிற்று.

"எல்லாத்தையும் கொள்ளுற இடம். கொள்ளிடம்னு வைப்போம்" என்றான் குஞ்சிதபாதம். அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அது, அவனுக்கே தெரியாது. தாய்மாமன் முறையில் அவனே குனிந்து, வயர் சொருகும் ஓட்டையருகே வாய் வைத்து, "கொள்ளிடம், கொள்ளிடம், கொள்ளிடம்" என்று ஓதினான். மறுபடி போன் போட்டுத் திட்டு வாங்கிய பிறகுதான் திரையிலும் அடித்தார்கள்.

"இப்ப கல்யாண ஃபோல்டர்மேல மவுஸை அமுக்கிப் பிடிச்சு, அப்படியே இழுத்துக் கொள்ளிடத்துல போடுங்க" என்றார் செபஸ்தியான்.

பூவராகன் மவுஸை அமுக்கிப் பிடித்து, ஜன்னல் பக்கமாக இழுத்துக்கொண்டே போனார். மேசை முடிந்தது. 'தொப்'பென்று போட்டார். திரையில் கல்யாணம் கொள்ளிடத்துக்குள் இறங்கத் தொடங்கியது! கிளாஸ் போய்ப் படித்தவர்களுக்குக்கூட முதல் தடவையில் இப்படி வருவதில்லை.

செபஸ்தியான் கடைசியாக ஒன்று சொன்னார்: "முடிஞ்சதும் சட்டுனு பிடுங்கிடாதீங்க. கம்ப்யூட்டர்கிட்ட சொல்லுங்க. எடுக்கலாம்னு அது சொல்லும், அப்புறம் எடுங்க. இல்லன்னா கல்யாணமே அழிஞ்சாலும் அழிஞ்சிடும்." அதோடு சிக்னல் போய்விட்டது.

காப்பி முடிந்தது. மூவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் நின்றார்கள்.

"ஐயா, எடுத்துக்கலாமா?" என்றார் பூவராகன்.

இன்னும் கொஞ்சம் குனிந்து மறுபடியும் கேட்டார்.

"தூங்குதோ என்னமோ" என்றான் நாகமுத்து.

அப்போது அகோரமூர்த்தி வேர்க்க விறுவிறுக்க வந்தார். "ரயிலுக்கு நேரமாச்சு, எங்கய்யா வீடியோ?"

"இருக்குங்க. கம்ப்யூட்டர் இன்னும் உத்தரவு குடுக்கல."

அகோரமூர்த்தி ஜன்னல் வழியே கையை விட்டு டிஸ்க்கை உருவினார். வயரில் கை வைத்தார்.

"பிடுங்காதீங்க! உங்க பொண்ணு கல்யாணம் அழிஞ்சிடும்!" என்று மூவரும் அலறினார்கள்.

பெண்ணைப் பெற்றவர் அல்லவா? வயரிலிருந்து கையை எடுத்துவிட்டு, டிஸ்க்கை வயரோடு அப்படியே பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே குஞ்சிதபாதம் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுமந்தான். உத்தரவு வந்தால் தெரிய வேண்டுமே என்று நாகமுத்து திரையைத் தலையில் வைத்துக்கொண்டான். கரண்ட் வயரைச் சுவரிலிருந்து பிடுங்க யாரிடமும் கேட்கச் சொல்லவில்லை என்பதால் அதைப் பூவராகன் தாராளமாகப் பிடுங்கினார். ஸ்டேஷன் வரை இப்படியே ஊர்வலம். தெருவே எழுந்து நின்று வழிவிட்டது.

ரயில் கிளம்பும் நேரம். அகோரமூர்த்தி டிஸ்க்கை மகள் கையில் திணித்தார். மகள் ஏறினாள். வயர் ஏறியது. வேறு வழி? மூவரும் ஏறினார்கள்.

விழுப்புரம் தாண்டியதும் செபஸ்தியானின் போன் வந்தது. "டிஸ்க்கைக் கழட்டிட்டீங்களாண்ணே?"

"கேட்டுக்கிட்டேதான் இருக்கோம் தம்பி. வாயே திறக்கல."

"கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கா?"

"ஆன்ல இல்ல, ரயில்ல இருக்கு."

செபஸ்தியான் அடித் தொண்டையில் கத்தினார்: "ஆஃப் ஆன மிஷின் என்னத்தைண்ணே சொல்லும்? யாரையும் கேட்க வேண்டாம், பிடிச்சு இழுங்க!"

எதை இழுப்பது? மூவரும் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். 'சங்கிலியை இழுக்கவும்' என்று சிவப்பு எழுத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. மூவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

ரயில் கிறீச்சிட்டு ஒரு கரும்புக் கொல்லை நடுவே நின்றது. கார்டு விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

"இழுத்தாச்சு தம்பி" என்றார் பூவராகன் போனில், திருப்தியாக. "ரயில் கழண்டுடுச்சு. டிஸ்க் மட்டும் அப்படியே இருக்கு."