துரவுக்குள் போன குட்டி

அந்தக் காலத்தில் கடலில் உள்ளதும் கரையில் உள்ளதும் ஒரே பாஷை பேசின. எபிரெயர் நாட்டுக் கடலில் ஒரு வலுசர்ப்பம், பெரிய கடல்பாம்பு, இருந்தது. மலையை ஒரு சுற்றுச் சுற்றும் நீளம். கரைக்கு வந்தால் மனிதன் வைத்த ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்று ஆண்டவர் அதற்குச் சொல்லியிருந்தார்.

அதற்கு ஒரே குட்டி. விளையாட்டாகப் பூமிக்கடியில் ஓடும் ஊற்று வழியே ஏறி, மலைமேல் இருந்த துரவுக்குள், அந்தப் பெரிய கிணற்றுக்குள், வந்து சிக்கிக்கொண்டது. கடல்குட்டிக்கு நல்ல தண்ணீரில் ஒரு பகலுக்கு மேல் உயிர் தங்காது.

தாய் மலையேறி வந்தது. துரவின் வாயைப் பெரிய கல் மூடியிருந்தது. மேய்ப்பர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐயா, கல்லைப் புரட்டுங்கள். உள்ளே என் பிள்ளை."

மேய்ப்பரில் மூத்தவன் ஏபேர் எழுந்து நின்றான். "எல்லா மந்தையும் வந்து சேராமல் கல்லைத் தொட மாட்டோம் தாயே. எங்கள் அப்பன் பாட்டன் வழக்கம். சிமெயி ஒருவன்தான் பாக்கி. அதோ, மேட்டில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறான்."

தாய் மேட்டுக்கு ஊர்ந்து போனது.

"நேற்று இவர்கள் எனக்காகக் காத்திருந்தார்களா?" என்றான் சிமெயி. "வழக்கத்தை மீறிக் கல்லைப் புரட்டினார்கள். என் ஆடுகள் சேற்றை நக்கின. இன்று காத்திருக்கட்டும். வெயிலில் நன்றாக வேகட்டும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. நேற்று அப்படித்தான் நடந்தது.

"அவர்கள்மேல் உள்ள கோபத்துக்கு என் பிள்ளை என்ன செய்தது ஐயா?"

சிமெயி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏபேரும் அவனைக் கூப்பிடவில்லை. நேற்றுச் செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே.

"அம்மா, இருட்டாக இருக்கிறது" என்று கல்லுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. தாய் திரும்பி ஓடிவந்து கல்லின்மேல் தலையை வைத்து, "இதோ திறந்துவிடுவார்கள் கண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. வெயில் தாழத் தாழக் குரல் மெலிந்து, பிறகு நின்றுபோனது.

அதற்குப் பிறகுதான் சிமெயி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். "என்ன ஏபேரே, வெயில் சுட்டதா?" என்று கேட்டான். எல்லாரும் கைகொடுத்துக் கல்லைப் புரட்டினார்கள். குட்டி தண்ணீரில் மிதந்தது.

தாய் ஒருவரையும் கடிக்கவில்லை. சாபமும் இடவில்லை.

"இதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. இந்த இடத்தையாவது இதை நினைத்துக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு, குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மலையிறங்கியது.

அன்று முதல்தான் அந்த இடத்துக்கு வலுசர்ப்பத் துரவு என்று பெயர் வந்தது. அதைத் தோண்டியவன் பெயர் இப்போது ஒருவருக்கும் தெரியாது.