பலவேசம் உட்கார்ந்த சிவப்பு நாற்காலி

கோணக்குளத்து ஆட்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எழுதி வைத்ததை மீறவே மாட்டார்கள். சுவரில் "எச்சில் துப்பாதீர்" என்று இருந்தால், துப்பும் எண்ணமே இல்லாதவர்கள்கூட அந்த இடம் தாண்டுகிறவரை வாயைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் பலவேசத்துக்குப் பெண் நிச்சயம் பண்ண ஒரு கூட்டம் கிளம்பியது.

பலவேசத்துக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. பெண் பெயர் முப்பிடாதி. பூங்குறிச்சிச் சந்தையில் ஒரு தடவை பார்த்திருக்கிறான். இவன் பையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெங்காயம் வாங்குவதைப் பார்த்து அவள் சிரித்தாள். வெங்காயம் கீழே விழுந்தது, பலவேசமும் விழுந்துவிட்டான்.

பெண்ணின் அப்பா பூலுடையார் கறாரான மனிதர். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள தட்டு மாத்தணும். இல்லேன்னா வேற மாப்பிள்ளை பாத்துருவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பெண் வீட்டுத் தெருவில் வேன் நுழையாது என்பதால் எல்லோரும் முக்கிலேயே இறங்கினார்கள். அங்கேதான் அது இருந்தது. ஆள் உயர மேடை, அதன்மேல் பளபளவென்று ஒரு சிவப்பு நாற்காலி, பக்கத்தில் ஒரு போர்டு. பட்டணத்துக் கலைஞர்கள் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கூட்டத்திலேயே எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் உலகு. வாசித்தான்.

"வழிப்போக்கரே! உட்காருங்கள். யோசியுங்கள். உங்கள் மனத்தில் இருப்பதை வழியில் போகிறவர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள்."

பலவேசத்தின் தாய்மாமன் கொம்பையா சீர்த்தட்டைக் கீழே வைத்தார். "நம்மளத்தான் சொல்லுது."

"நேரமாகுது மாமா" என்றான் பலவேசம்.

"சாக்பீஸ்ல எழுதியிருந்தா நானே போகலாம்னு சொல்லிருவேன்ல. இது பெயிண்ட்டு."

நாற்காலி ஒன்றுதான். மாப்பிள்ளைக்குத்தான் மரியாதை. பலவேசத்தைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவனும் கண்ணை மூடி யோசித்தான்.

"மனசுல என்னல இருக்கு?"

"முப்பிடாதி."

கொம்பையா துண்டால் முகத்தைத் துடைத்தார். "போச்சு. அவளைப் பகிரணுமே."

எல்லோரும் ரோட்டைப் பார்த்தார்கள். ஒரு இளநீர்க்காரர் போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஒரு எருமை.

"எருமைக்கும் பங்கு உண்டா?" என்று கேட்டான் உலகு.

"அதுவும் வழியிலதானே போகுது."

பலவேசம் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "நான் யாருக்கும் பகிர மாட்டேன் மாமா! நானே இன்னும் சரியாப் பாக்கல!"

"அப்போ மனசை மாத்து. வேற எதையாவது நினை."

நினைத்துப் பார்த்தான். வயலை நினைத்தால் வரப்பில் முப்பிடாதி. கிணற்றை நினைத்தால் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். கொம்பையாவுக்கு ஒரு யோசனை வந்தது. சீர்த்தட்டிலிருந்த பலாப்பழத்தைப் பிளந்து மருமகன் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இப்போ?"

"பலாப்பழம் மாமா!"

அப்பாடா என்று இருந்தது எல்லோருக்கும். இளநீர்க்காரருக்குச் சுளை, எருமைக்குத் தோல். ஆனால் பழம் தீர்ந்ததும் மனசில் மறுபடியும் முப்பிடாதி வந்து நின்றாள். அல்வாவைக் காட்டினார்கள். அதுவும் பகிர்ந்தாயிற்று. பிறகு வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, மல்லிகைப்பூ. முக்கில் விஷயம் பரவி, வேலையைப் போட்டுவிட்டு ஆட்கள் வழியில் போக ஆரம்பித்தார்கள். போனவர்களே திரும்பித் திரும்பிப் போனார்கள்.

கடைசியில் பட்டுச்சேலைதான் மிச்சம். அதையும் பலவேசம் கண்ணீரோடு நினைத்தான். எதிரே இருந்த தையல்கடைக்காரர் நறுக்கிக் கொடுக்க, ஆளுக்கொரு கைக்குட்டை ஆயிற்று.

அந்த நேரத்தில்தான் பூலுடையார் மகளையும் கூட்டிக்கொண்டு தேடி வந்தார்.

"தட்டெல்லாம் எங்கவே?"

"தட்டு இருக்கு சம்பந்தி" என்று கொம்பையா வெறுந்தட்டைக் காட்டினார். "மேல இருந்ததைத்தான் பகிர்ந்தாச்சு."

நடந்ததைக் கேட்டு பூலுடையாருக்கு மீசை துடித்தது. "இவனுக்கா என் பொண்ணு? வாம்மா, போவோம்!"

பலவேசம் எழுந்து ஓடத் துடித்தான். ஆனால் எழுந்திருக்கச் சொல்லி போர்டில் இல்லையே. உட்கார்ந்தபடியே அழுதான்.

முப்பிடாதி நகரவில்லை. "அப்பா, என்னைப் பகிர மாட்டேன்னு இவரு அல்வாவை விட்டுக்கொடுத்திருக்காரு. வேற எந்த மாப்பிள்ளை அல்வாவை விடுவான்?"

பூலுடையார் யோசித்தார். அவருக்கு அல்வா என்றால் உயிர். தன்னால் முடியுமா என்று நினைத்துப் பார்த்தார். முடியாது என்று தெரிந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் அங்கேயே வெறுந்தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

தட்டு மாற்றி முடித்ததும் ஒரு லாரி வந்தது. நாற்காலியை டவுன் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டுமாம். லாரிக்காரர்கள் கெஞ்சினார்கள், திட்டினார்கள். பலவேசம் எழவில்லை. கடைசியில் அவனோடு சேர்த்தே ஏற்றிக்கொண்டு போனார்கள். பூலுடையாரையும் முப்பிடாதியையும் ஏற்றிக்கொண்டு கூட்டம் வேனில் பின்னாலேயே போனது.

கண்காட்சியில் பார்க்க வந்தவர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். "சிலை என்ன தத்ரூபம்! ஆனா மூஞ்சியில யோசனைக் களை ஜாஸ்தி. நிஜ மனுசன் இவ்வளவு யோசிக்க மாட்டான்."

பலவேசம் உதட்டை அசைக்காமல் கிசுகிசுத்தான். "மாமா, நான் சிலையாயிட்டேனாம்!"

"போர்டுல இருக்கான்னு பாருல உலகு."

உலகு பார்த்துவிட்டு வந்தான். "சிலைன்னு இல்ல மாமா. 'தொடாதீர்கள்'னு இருக்கு."

"சிலையைத்தான் தொடக்கூடாதும்பாங்க. அப்போ சிலைதான்" என்றார் கொம்பையா.

"தாலி கட்டறது எப்படி?" என்று பதறினார் பூலுடையார்.

"அவன் நம்மளைத் தொடலாம். நாமதான் அவனைத் தொடக்கூடாது. தாலிக்குத் தடையில்ல. மாலைதான் சிக்கல். பொண்ணு எட்டி நின்னு வீசணும்."

முப்பிடாதி வாசலில் மாலை வாங்கி வந்து அப்போதே வீசிப் பழகத் தொடங்கினாள். முதல் மாலை மின்விசிறியில் மாட்டியது. இரண்டாவது பூலுடையாரின் காதில் தொங்கியது. மூன்றாவது, வாசலில் தூங்கிக்கொண்டிருந்த காவலாளியின் கழுத்தில் போய்க் கச்சிதமாக விழுந்தது.

காவலாளி திடுக்கிட்டு எழுந்தார். "எம்மா, எனக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளை இருக்கு!"

"பயப்படாதேயும்வே" என்று கொம்பையா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நீரு சிலை இல்ல. உம்மைத் தொட்டே கழட்டிரலாம்."