முதுகுப் பக்கம்

"சார், கிடாரி கன்னு போட மாட்டேங்குதுங்க. விடியறப்பப் புடிச்ச வலி. நீங்க வந்து ஒருக்கா பாத்தாத்தான் ஆகும்."

பள்ளிக்கூடத்து வெண்டைப் பாத்தியில் நின்றிருந்த பொங்கியண்ணன் வாத்தியாரிடம் நாச்சிமுத்து இப்படித்தான் வந்து நின்றான். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

வாத்தியார் அவன் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"நீ சாப்ட்டயா?"

"நான் கிடாரியைப் பத்திச் சொல்றனுங்க சார்."

"நானும் அதைப் பத்தித்தான் கேக்கறேன்."

நாச்சிமுத்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவருடைய பேச்சு எப்போதுமே அப்படித்தான்.

பொங்கியண்ணன் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். வந்த பிறகு அரசுப் பள்ளியில் வேளாண்மை வாத்தியார் ஆனார். காலையில் தன் காங்கேயம் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, அந்தச் சாணி வாசத்தோடேயே வகுப்புக்குள் நுழைவார். கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை. வெண்டைக்கு எவ்வளவு உரம் போடணும் என்று கேட்ட மாணவனிடம் மண்வெட்டியைக் கொடுத்துத் தோட்டத்துக்கு அனுப்பினாராம். அவன் திரும்பி வந்தபோது அந்தக் கேள்வி அவனிடம் இல்லையாம்.

நாச்சிமுத்துவும் பட்டாளத்துக்காரன்தான். சர்வீஸ் முடிந்து ஊர் திரும்பியபோது அவனுக்குத் தெரிந்ததெல்லாம் காவல் நிற்பது ஒன்றுதான். மாடு வளர்க்கச் சொல்லிக்கொடுங்கள் என்று வாத்தியாரிடம் போனான். அவர் ஒரு கிடாரிக் கன்றின் கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தார். பாடம் என்று வேறெதுவும் சொல்லவில்லை.

அந்தக் கன்றுதான் வளர்ந்து, இன்றைக்குத் தலைச்சன் ஈற்றுக்கு நிற்கிறது.

அந்தப் பக்கத்தில் மாடு மேயும் நிலத்தைக் கொரங்காடு என்பார்கள். சுற்றிலும் கிளுவை முள்வேலி. மாட்டை உள்ளே விட்டு வாசல் படலைச் சாத்திவிட்டால் போதும், மேய்ப்பதற்கென்று ஆள் கிடையாது. மாடுகள் தாமாக மேயும், தாமாகப் படுக்கும், வேல மரத்தடியில் தாமாகவே கன்றும் போடும், போட்ட கன்றை அடிக்குரலில் கூப்பிட்டு நக்கிக் கொடுக்கும்.

நாச்சிமுத்துவின் கொரங்காட்டில் மட்டும் ஒரு நாற்காலி கிடந்தது.

கிடாரிக்கு மடி இறங்கிய நாளிலிருந்து அவன் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சோறு அங்கேயே போயிற்று. கிடாரி நகர்ந்தால் நாற்காலியும் நகர்ந்தது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, என்ன மாப்ளே, பார்டரா இது, எதிரி எந்நேரம் வருவான் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவன் சம்சாரம் பூங்கொடி மட்டும் கேலி பேசவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும்.

அவளுக்குத் தலைப்பிரசவம் ஆனபோது நாச்சிமுத்து பனிமலையில் ஒரு காவல் முனையில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. பெண் குழந்தை பிறந்த சேதியும் அது தவறிப்போன சேதியும் ஒன்றாகத்தான் மேலே ஏறி வந்தன. கூட இருந்திருந்தால் என்ற வார்த்தையை அவன் அதற்கப்புறம் யாரிடமும் சொன்னதில்லை. நெஞ்சுக்குள் அது ஓயவும் இல்லை.

வாத்தியார் கையைக் கழுவிக்கொண்டு அவன் வண்டியில் பின்னால் ஏறினார்.

கொரங்காட்டில் கிடாரி படுத்திருந்தது. இவர்கள் காலடி கேட்டதும் முக்கி எழுந்து நின்றுகொண்டது. எந்நேரமும் இதேதானுங்க, படுக்குது, நான் கிட்ட போனா எந்திரிக்குது, படுக்குது, எந்திரிக்குது என்றான் நாச்சிமுத்து.

வாத்தியார் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்து, உள்ளே விட்டுப் பார்த்தார். நாச்சிமுத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"முன்னங்கால் ரெண்டும் நேரா இருக்குது. மூக்கும் கூடவே இருக்குது. காலைத் தொட்டா இழுத்துக்குது. கன்னு நல்லாத்தான் இருக்குது."

"அப்பறம் ஏனுங்க சார் வரமாட்டேங்குது?"

வாத்தியார் கையைக் கழுவினார். நாற்காலியை எடுத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார்.

பிறகு நாச்சிமுத்துவைத் தோளைப் பிடித்துப் படல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

"வெடிமருந்துக் கெடங்குக்குச் சென்ட்ரி நின்னிருக்கயா?"

"எத்தனையோ வாட்டி நின்னிருக்கனுங்க."

"எப்படி நின்னே? நின்னு காட்டு."

உடம்புக்கு மறக்கவில்லை. நாச்சிமுத்து படலுக்கு முன்னால் காலை அகட்டி, முதுகை நிமிர்த்தி நின்றான். கண் தார் ரோட்டைப் பார்த்தது. நின்ற பிறகுதான் அவனுக்கு உறைத்தது, கிடாரி முதுகுப் பக்கம் இருக்கிறது. சட்டென்று திரும்பப் போனான்.

"சென்ட்ரி கெடங்கைப் பாத்துட்டா நிப்பான்?"

திரும்பிய கழுத்து பாதியில் நின்றது.

"சார், இப்படி நின்னுட்டுத்தானுங்க அன்னைக்கு..."



வாத்தியாருக்கும் அந்தக் கதை தெரியும். வேல மரத்து நிழல் படலைத் தொடும்வரை நில்லு, அதுக்குள்ளே ஆகலைன்னா மாட்டு டாக்டரைக் கூப்பிட்டு இழுத்துக்கலாம் என்று மட்டும் சொன்னார். பிறகு அவனைத் தாண்டிப் பின்னால் போனார். செருப்புச் சத்தம் அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

சரி, சார் பார்த்துக்கொள்வார் என்று நாச்சிமுத்து மூச்சை விட்டான்.

ரோட்டில் மினி பஸ் ஒன்று போயிற்று. ஜன்னலில் இருந்து யாரோ கையை ஆட்டினார்கள். அவன் ஆட்டவில்லை. அவன் காதெல்லாம் பின்னால் இருந்தது.

புல் சரசரத்தது. அடி வைக்கிறதா, தள்ளாடுகிறதா?

தொப்பென்று ஒரு சத்தம். படுத்துவிட்டது. விழுந்திருந்தால்? விழுந்தாலும் இதே சத்தம்தானே வரும்?

ஒரு நீண்ட முக்கல். இன்னொன்று. அவன் விரல்கள் தொடையைப் பிடித்துக்கொண்டன. சார் பார்க்கிறார், சார் பார்க்கிறார் என்று சொல்லிக்கொண்டான். அவர் கூப்பிடாத வரைக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆகியிருந்தால் கூப்பிட்டிருப்பார்.

முக்கல் நின்றது.

ஈ பறக்கிற சத்தம் கூடக் கேட்டது. மாடு மூச்சு விடுவது கேட்கவில்லை.

நிழல் இன்னும் படலுக்கு வரவில்லை. ஒரு சாண் இருந்தது. நாச்சிமுத்து பார்வையை ரோட்டை விட்டு எடுக்காமலே கேட்டான்.

"சார், என்னாச்சுங்க?"

பின்னாலிருந்து வாத்தியாரின் குரல், பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி, நிதானமாக வந்தது.

"எனக்கெப்படிப்பா தெரியும்? நானும் ரோட்டைத்தான் பாத்துட்டு நிக்கறேன்."

நாச்சிமுத்துவின் முதுகு சில்லிட்டது. அப்படியானால் இவ்வளவு நேரமும் அங்கே பார்த்துக்கொண்டு யாருமே...

அவன் இதுவரை கேட்டேயிராத ஓர் அடிக்குரலில், பின்னால், கிடாரி யாரையோ கூப்பிட்டது.