மக்ரூனில் எறும்பே இல்லை

தூத்துக்குடியில் சவரியப்பன் என்று ஒருவர் இருந்தார். அவருடைய வலது கண்ணின் பின்சுவரில் ஒரு தெரு இருந்தது. விழித்திரை என்று அதற்குப் பெயர். இந்தக் கதை நடந்தது அந்தத் தெருவில். ஆனால் சவரியப்பனுக்கு அப்படி ஒரு தெரு இருப்பதே தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பேக்கரி இருக்கிற தெருதான்.

விழித்திரைத் தெருவில் வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. வெளிச்சம் கண்மணி வாசல் வழியாக வந்து விழும். அதைப் பிடிக்கிறவர்கள் பிடித்து, ஒரு சொட்டு வேதித்துளியை நரம்பியின் வாசலில் தெளிப்பார்கள். நரம்பி ஒரு நரம்பணு. துளி காலில் பட்டதும் ‘கறுப்பு!’, ‘வெள்ளை!’, ‘ஆட்டோ வருது, ஒதுங்கு!’ என்று மாடியைப் பார்த்துக் கூவுவாள். மாடியில் மூளை உட்கார்ந்திருக்கும். அது கேட்டதையெல்லாம் சேர்த்துப் படமாக்கிச் சவரியப்பனுக்குக் காட்டும்.

நரம்பி கூவி முடித்ததும் பக்கத்து வீட்டுத் தாங்கி என்கிற துணையணு ஈரத்துணியோடு வந்து வாசலைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் வந்தது வினை. நரம்பி பழைய துளியிலேயே நின்றுகொண்டு, எப்போதோ போய்விட்ட ஆட்டோவை வருது, வருது என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பாள். கத்திக் கத்தியே செத்தும் போவாள்.

இவர்களைத் தவிர, தினமும் இன்சுலின் அண்ணாச்சி ஒரு சுற்று வருவார். “இருக்கியா தாயி? நல்லா இரு” என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அந்த வார்த்தையில் நரம்பிக்கு அன்றைய பொழுது ஓடிவிடும். அக்கறையாக ஒரு வார்த்தை கேட்டால் யாருக்குத்தான் ஓடாது?

இந்தத் தெருவுக்கு ரத்தக்குழாய் வழியாகச் சர்க்கரை வந்தான். வருவது புதிதில்லை. வழக்கமாக வந்து, அடுப்பெரிக்கக் கொஞ்சம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவான். இந்த முறை பெட்டி படுக்கையோடு வந்தான்.

“ஏம்ப்பா, கொடுக்கறதைக் கொடுத்தாச்சுல்ல? கிளம்பலாம்ல?” என்றாள் நரம்பி.

“நானா வந்தேன்? உங்க ஐயா கூப்பிட்டார். காலையில காபியில கூப்பிட்டார், பத்து மணிக்குக் கேக்ல கூப்பிட்டார், சாயங்காலம் மக்ரூன்ல கூப்பிட்டார். மரியாதைக்கு வராம இருக்க முடியுமா?”

“உன்னைக் கூப்பிட்டார், சரி. பின்னால வர்றவங்க யாரு?”

“சித்தப்பா, மாமா, மச்சான். நாங்க எங்க போனாலும் சேர்ந்துதான் போவோம்.”

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடிந்த பிறகும் வெற்றிலையை மென்றுகொண்டு நாற்காலியை விடாத சில பேர் இருப்பார்களே, அந்த ரகம். தெரு முழுக்கப் பிசுபிசுப்பு. அந்த இரைச்சலில் இன்சுலின் அண்ணாச்சி தெருமுனையில் நின்று, “இருக்கியா தாயி?” என்று கேட்டது யார் காதிலும் விழவில்லை.

தாங்கி இனிப்பில் ஊறி உப்பிப்போனாள். குனிய முடியவில்லை.

“துடைடி! என் வாசல் குளமாக் கிடக்கு!”

“கை வரமாட்டேங்குதுக்கா. நாளைக்குத் துடைக்கிறேன்.”

“நாளைக்கு நான் இருந்தாத்தானே?”

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அதுவே நடந்தது, அவளுக்கு இல்லை, எதிர்வீட்டுக்காரிக்கு. துடைக்காத வாசலில் நின்று, பழைய சிவப்பு விளக்கையே கூவிக்கொண்டிருந்த எதிர்வீட்டு நரம்பணு, ‘சிவ...’ என்று பாதியில் நின்றாள். அப்புறம் அவள் பேசவே இல்லை. அடுத்து அவளுக்குப் பக்கத்து வீடு. நகம் மாதிரி, முடி மாதிரி வெட்ட வெட்ட வளர்கிற கூட்டமில்லை இது. இந்தத் தெருவில் போனவள் போனவள்தான். இடது கண்ணிலும் இதே மாதிரி ஒரு தெரு. அங்கேயும் இதே கூத்து.

நரம்பி மாடியைப் பார்த்துக் கத்தினாள். “மேல யாரு? எங்க தெருவுல ஆளுங்க சாகுறாங்க. ஐயாகிட்ட சொல்லுங்க!”

“தெரியும்” என்றது மூளை, காகிதத்திலிருந்து தலையைத் தூக்காத அதிகாரி மாதிரி. “படத்துல அங்கங்க ஓட்டை விழுது. நான் சுத்தியிருக்கிற நிறத்தை எடுத்துப் பூசிடறேன். ஐயாவுக்குத் தெரியவே தெரியாது.”

“தெரியணும்னுதானே கத்துறேன்!”

“எதுக்கு? பாவம், மனசு சங்கடப்படுவார்.”

“சரி, கொஞ்சம் வலியாவது கொடுங்க. போன மாசம் பல்லுக்கு எப்படிக் கொடுத்தீங்க! மனுஷன் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடினார்ல?”

“பல்லுக்கு உண்டு. உங்க தெருவுக்கு வலி இணைப்பே கிடையாது.”

நரம்பிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொத்தைப் பல்லைப் பார்த்துப் பொறாமை வந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள் சர்க்கரைக் கூட்டம் திடீரென்று மூட்டை கட்டியது. தெரு காலியானது. தாங்கிக்கு லேசாகக் குனிய வந்தது. அண்ணாச்சியின் குரல்கூடக் கேட்டது.

“ஐயா திருந்திட்டார்க்கா!” என்றாள் தாங்கி.

ஐயா திருந்தவில்லை. ஐயாவுக்கு ரத்தப் பரிசோதனை வந்திருந்தது. பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புத்தகத்தைத் திறக்கிற பையன் மாதிரி, அவர் சில நாளாகப் பாகற்காய்ச் சாறு குடித்து, கடற்கரை ரோட்டில் கையை வீசி வீசி நடந்து, ராத்திரிக்கு வெறும் சுண்டலோடு படுத்திருந்தார். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்திலிருந்து நேராகப் பேக்கரிக்குப் போனார். அரைக் கிலோ மக்ரூன், முந்திரியும் சர்க்கரையும் சேர்த்த அந்த ஊர் இனிப்பு. ரத்தம் கொடுத்ததில் தலை சுற்றுகிறதாம்.

சர்க்கரை மூட்டையை அவிழ்த்தான். “சும்மா பக்கத்துல போயிட்டு வந்தோம்” என்றான்.

மறுநாள் சாயங்காலம் சவரியப்பன் டப்பாவைத் திறந்தார். மூடி சரியாக மூடாத டப்பா. வெள்ளை வெளேரென்ற மக்ரூன். மேலே கறுப்பு எறும்பு, ஊர்வலம் மாதிரி.

“எறும்பு!” என்று கூவினாள் நரம்பி. “ஓரத்துல எறும்பு!”

“நீ ஒருத்திதான் சொல்றே” என்றது மூளை. “உன் பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் சொல்லலையே?”

“அவங்க செத்துட்டாங்கய்யா!”

“சொல்லாதவரைக்கும் எறும்பு இல்லைன்னுதான் அர்த்தம். ஒரு ஆள் பேச்சைக் கேட்டு நான் படத்தைக் கெடுக்க முடியாது.” மூளை வெள்ளையை எடுத்து நன்றாகப் பூசியது.

சவரியப்பன் வாயில் போட்டார்.

சமையலறையிலிருந்து வந்த மனைவி பிலோமி அப்படியே நின்றாள். “ஏங்க! எறும்போட திங்கிறீங்க!”

“எங்க எறும்பு? பளிச்சுன்னு இருக்கு.”

“உங்க மீசையில ஓடுது!”

அவர் மீசையைத் தடவிப் பார்த்தார். கையில் ஏறியது. அசடு வழிந்தாலும் ஆம்பிளை அல்லவா, சமாளித்தார். “சரி விடு பிலோமி. எறும்பு கண்ணுக்கு நல்லதுன்னு சொல்லுவாங்கல்ல?”

“முதல்ல அந்த எறும்பு தெரியக் கண்ணு வேணும்ல?” என்றாள் பிலோமி. அவள் குரல் ஏறவில்லை. குரல் ஏறாமல் பிலோமி பேசினால் வீட்டில் பல்லிகூடச் சத்தம் போடாது. “சட்டையை மாட்டுங்க. கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“ரிப்போர்ட் நல்லாத்தானே...”

“மாட்டுங்க.”

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி வாசலை அகலமாகத் திறந்தார்கள். ஒரு பெண் மருத்துவர் விளக்கை வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். மாடிக்காரனைக் கேட்காமல், வாசல் வழியாகவே தெருவைப் பார்க்க ஒரு ஆள் வந்தது இதுதான் முதல் தடவை.

“ரத்தக்குழாய்ல கசிவு இருக்கு, அங்கங்க பார்வை போயிருக்கு” என்றார் மருத்துவர். “சர்க்கரை ரொம்ப நாளாக் கட்டுப்பாட்டுல இல்ல.”

சவரியப்பன் சட்டைப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தார். “இதைப் பாருங்க மேடம். நார்மல்.”

“பாகற்காயா, வெந்தயமா?”

“...பாகற்காய்.”

“அந்த டெஸ்ட்டுக்குப் பாகற்காயைக் காட்டினீங்க. இந்தக் கண் டெஸ்ட்டுக்கு எதைக் காட்டுவீங்க?”

சவரியப்பன் ரிப்போர்ட்டை மடித்தார். அதைவிடச் சின்னதாக அவரே மடிந்து உட்கார்ந்திருந்தார். “போன இடம் திரும்பத் தெரியுமா மேடம்?”

“செத்துப்போன நரம்பு திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். ஊசி போடணும், மாத்திரை தவறக் கூடாது, சர்க்கரையைக் குறைக்கணும். டெஸ்ட்டுக்காக இல்ல, தினமும்.”

அதன் பிறகு சர்க்கரைக் கூட்டம் ஒவ்வொருவராகக் கிளம்பியது. முனகிக்கொண்டே கிளம்பியது. தாங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பாதி வாசலாவது துடைத்தாள். எதிர்வீடு பூட்டியே கிடந்தது.

“இருக்கியா தாயி?” என்றார் இன்சுலின் அண்ணாச்சி.

“இருக்கேன் அண்ணாச்சி” என்றாள் நரம்பி. அப்புறம் மாடியைப் பார்த்தாள். “அய்யா, இனிமே ஒண்ணு செய்யுங்க. தெரியாததைத் தெரியலைன்னு சொல்லுங்க. அது போதும்.”

மூளை தூரிகையைக் கீழே வைத்தது. பெயின்ட் டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பிலோமி காபியோடு வந்து, ஒரு கையால் அவருடைய இடது கண்ணைப் பொத்தினாள். மருத்துவர் தினமும் பார்க்கச் சொல்லியிருந்தார். “என்ன தெரியுது? உள்ளதைச் சொல்லுங்க.”

சவரியப்பன் நெடுநேரம் பார்த்தார். “உன் மூக்கு இருக்கிற இடத்துல ஒண்ணுமே இல்ல பிலோமி.”

“மூக்கு போனாப் போகட்டும். வாய் தெரியுதா?”

“அது தெரியுது.”

“நல்லதாப் போச்சு. அதுதான் உங்களுக்குத் தேவைப்படும்.” சர்க்கரை போடாத காபியை அவர் கையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பப் போனாள்.

கீழே தெருவில், நரம்பி நிமிர்ந்து நின்றாள். “அந்த அம்மா கண்ணோரத்துல ஈரம்!” என்று கூவினாள். அவள் ஒருத்திதான் கூவினாள்.

மூளை அதன்மேல் எதையும் பூசவில்லை.